வீட்டுக்குள்ளேயே இருந்த சாவி

2003 ஏப்ரல் 28 அன்று ஆப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் ஐட்யூன்ஸ் இசைக் கடையைத் திறந்தது. ஒரு பாட்டு 99 சென்ட். காசு கொடுத்து வாங்கிய பாட்டுதான். ஆனாலும் அனுமதி பெற்ற மூன்று கணினிகளிலும் ஐபாடிலும்தான் பாடும். வேறு கம்பெனி எம்பி3 பிளேயரில் ஏற்றினால் வாயே திறக்காது. அந்தப் பூட்டுக்கு வைத்த பெயர் ஃபேர்பிளே, நியாயமான ஆட்டமாம்!

பூட்டு சாமர்த்தியமானது. பாட்டின் ஒலி ஏஇஎஸ் முறையில் மறையாக்கப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் சாவி அதே கோப்பில்தான் இருக்கும், ஆனால் அதற்கும் ஒரு பூட்டு. இந்த இரண்டாம் பூட்டின் சாவியை, வாங்கியவரின் கணினியிலேயே ஒளித்து வைத்திருந்தார்கள். வேறு வழியில்லை. சாவி இல்லாமல் பாட்டு பாடாதே! ரகசியக் கடிதத்தில் திருடன் வெளியாள். இங்கேயோ கடிதத்தைப் பெறுகிறவர் மீதே சந்தேகம். பலவீனம் அங்கேதான் இருந்தது.

2004இல் பிளேஃபேர் என்ற சிறு நிரல் வந்தது. பொத்தான் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் நிரலின் பெயர், பூட்டிய கோப்பின் பெயர், புதுக் கோப்பின் பெயர் என்று ஒரே வரி தட்டி என்டர் அழுத்த வேண்டும். ஐபாடிலோ விண்டோஸ் கணினியிலோ இருந்த சாவியைத் தேடியெடுத்து அது பூட்டை மட்டும் கழற்றியது. ஒலியைத் தொடவில்லை, தரம் துளியும் குறையவில்லை. ஆப்பிளே அனுமதித்த வழி ஒன்றும் உண்டு: சிடியில் பதிந்து, திரும்ப எம்பி3 ஆக்குவது. அது மீந்த இட்லியை உதிர்த்து உப்புமா கிண்டுவது மாதிரி. சாப்பிடலாம், ஆனால் இட்லி போய்விட்டது.

ஆப்பிளின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்திலிருந்து நீக்கப்பட்ட நிரல் இந்தியாவின் சரோவர் தளத்துக்கு வந்தது. நோட்டீஸும் பின்னாலேயே வந்தது. பிறகு அது ‘ஹிம்’ என்ற பெயரில் வாழ்ந்தது. பூட்டைக் கழற்றினாலும், வாங்கியவரின் ஆப்பிள் கணக்குப் பெயரை ஹிம் கோப்பிலேயே விட்டுவைத்தது. ஊருக்கெல்லாம் பாட்டை வாரி வழங்கியவர் யார் என்று தெரிந்துவிடும். திருட்டுக்கு உதவ வந்தவர்கள் இப்படிச் செய்வார்களா?

சட்டம் அதைப் பார்க்கவில்லை. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பூட்டை உடைக்கும் கருவியை வழங்குவதே சட்டவிரோதம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது.

2009 ஜனவரியில் ஆப்பிள் தன் கடைப் பாட்டுகளின் பூட்டை முழுக்க எடுப்பதாக அறிவித்தது. சந்தா கட்டி இறக்கிக்கொள்ளும் பாட்டுகளில் மட்டும் இன்றும் பூட்டு உண்டு. சந்தா நின்றால் அவையும் நின்றுவிடும்.