பனிச்சிறுத்தையும் மலையூர் மக்களும்

இமயமலையிலும் மத்திய ஆசிய மலைத்தொடர்களிலும் 12 நாடுகளில் வாழும் அரிய விலங்கு பனிச்சிறுத்தை. இந்திய அரசு 2024ஆம் ஆண்டு சனவரியில் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, அந்நாட்டில் வாழ்பவை 718. அவற்றுள் 477 லடாக்கில் உள்ளன.

ஒரு பனிச்சிறுத்தை நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் உலவக்கூடியது. எனவே, சரணாலய எல்லைக்குள் மட்டும் அதனைக் காத்துவிட இயலாது. அது நடமாடும் மலைச்சரிவுகளே ஆயர்களின் மேய்ச்சல் நிலங்களும் ஆகும். விலங்கு பிழைத்திருப்பதால் உலகம் மகிழ்கிறது; அது கொன்ற ஆட்டின் இழப்பையோ ஒரு குடும்பம் மட்டுமே சுமக்கிறது. அச்சுமை சினமாக மாறும்போது பழிவாங்கும் கொலை நிகழ்கிறது. ஆகவே, பாதுகாப்பின் முதற்பணி அச்சுமையைப் பகிர்ந்துகொள்வதே.

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கிலுள்ள கிப்பர் என்னும் சிற்றூர் இதற்குச் சான்றாகும். 1990களின் இறுதியில், ஆய்வாளர்களுடன் உடன்பாடு செய்துகொண்ட ஊர்மக்கள், தங்கள் மேய்ச்சல் நிலத்தின் ஒரு பகுதியில் கால்நடைகளை மேய்க்காது விட்டனர். பனிச்சிறுத்தையின் இயற்கை இரையான நீல ஆடுகள் அங்கே பெருகின. ஆயினும், இரை பெருகினால் வேட்டை விலங்கும் பெருகக்கூடும். கால்நடை இழப்பு அடியோடு நின்றுவிடாது. இதனை உணர்ந்து, 2002ஆம் ஆண்டில் கால்நடைக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. உறுப்பினர்கள் சந்தா செலுத்துகின்றனர். இழப்பு நேர்ந்தால் ஊர்க்குழுவே ஆராய்ந்து ஈடு வழங்குகிறது. நிதியில் அண்டை வீட்டாரின் பணமும் கலந்திருப்பதால், பொய்க் கோரிக்கைக்கு அங்கு இடம் அரிது.

லடாக்கில் இரவுநேரப் பட்டிகளே சிக்கலாயின. திறந்த கூரை வழியே உள்ளே குதிக்கும் சிறுத்தை, மிரண்டோடும் ஆடுகளை ஒரே இரவில் பலவாகக் கொன்றுவிடும். பட்டியின் மேல் கம்பிவலை வேய்ந்து, உறுதியான கதவு பொருத்தியதும் அத்தாக்குதல்கள் தவிர்க்கப்பட்டன. மேலும், பயணிகளைத் தம் இல்லங்களில் தங்கவைத்து வருவாய் ஈட்டும் வழியையும் ஊரார் கண்டனர். பகையாக எண்ணப்பட்ட விலங்கைக் காணவே அப்பயணிகளுள் பலர் வருகின்றனர்.

இம்முயற்சிகளில் அறிவியலாரின் துணை உண்டு. எனினும், முடிவெடுக்கும் உரிமையும் நிதியை ஆளும் பொறுப்பும் ஊராரிடமே உள்ளன. வேலியும் சட்டமும் மட்டும் செய்ய இயலாததை அவ்வுரிமை செய்கிறது. ஒரு விலங்கைக் காப்போம் என்று சொல்லும்போது, அதன் விலையைச் செலுத்துபவர் யார் என்பதையும் மாணவர்கள் கேட்கப் பழகுதல் வேண்டும்.