அப்பாவின் இடதுபக்க மூலை

"பிள்ளை, எல்லாத்தையும் எங்க கொண்டுபோய் வைச்சனி?"

அப்பா தொலைபேசியில் கேட்டது அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. வீட்டை யாரோ ஒதுக்கிவிட்டுப் போனபின் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறவரின் குரல் அது.

ஒதுக்கியவள் நான்தான். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. அப்பாவின் மடிக்கணினிக்கு ஒன்பது வயது. விண்டோஸ் 11 கேட்கிற புதிய புரொசெசர் அதில் இல்லை. புதுசு ஒன்று வாங்கிக் கொடுப்போம் என்றான் தம்பி. "ஓடுற காரை ஏன் உடைக்கக் குடுக்கிறது?" என்றார் அப்பா. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்: "விடுங்கோ, நான் லினக்ஸ் போட்டுத் தாறன்." பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் பாவித்த துணிச்சல்.

ஒரு சனிக்கிழமை ஹரோவில் அப்பா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து போட்டு முடித்தேன். வைஃபை, பிரிண்டர், தமிழ்த் தட்டச்சு எல்லாம் ஒழுங்காக வேலைசெய்தன. அவருடைய கோப்புகளையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தேன். பார்க்கவும் அழகாக இருந்தது: வெறுமையான திரை, மேலே மெல்லிய ஒரு பட்டை. ஒரு விசையை அமத்தினால் திரை முழுக்க ஐகன்கள் விரியும். வேண்டியதன் பெயரைத் தட்டச்சு செய்தால் அது முன்னால் வரும். எனக்கு அதைவிட வசதி வேறில்லை.

அப்பாவுக்கு அது வசதியில்லை என்று எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரியும். அவர் சொல்லவில்லை, அம்மா சொன்னா. "அவர் அதுக்குக் கிட்டப் போறேல்லை. தனக்கு வயசு போட்டுதாம்."

அப்பா சில வருடங்களாக ஊரைப்பற்றி எழுதிக்கொண்டிருந்தார். எந்தக் கிணறு யாருடையது, பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஒழுங்கையில் யார் யார் வீடுகள், எந்த வருடம் யார் எங்கே போனார்கள் என்று அறுபது பக்கத்துக்கு மேல் வந்துவிட்டது. என் பிள்ளைகளுக்கு அந்த ஊரைத் தெரியாது. எனக்கே பாதிதான் தெரியும். அந்தக் கோப்பு அதே மடிக்கணினியில், அதே பெயரில் கிடந்தது. பத்து நாளாக அதில் ஒரு வரி கூடவில்லை.

அடுத்த ஞாயிறு போய்ப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மௌசைத் தொடவில்லை, வாயையும் திறக்கவில்லை (இரண்டும் கஷ்டமான வேலை). அப்பாவின் கை நேராக இடதுபக்கக் கீழ் மூலைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கை அங்கேயே நின்றது. பிறகு மேலே போய், திரும்பவும் அதே மூலைக்கு வந்தது. பெயரைத் தட்டச்சு செய்து தேடலாமே என்று நினைப்பீர்கள். எழுதுகிற அந்தச் செயலிக்குப் பெயர் லிப்ரேஆபிஸ் ரைட்டர் என்று அவருக்குத் தெரியாது. மூலையில் அமத்தினால் பட்டியல் வரும், அதில் நாலாவதில் போனால் எழுதுகிற தாள் வரும் என்றுதான் தெரியும். பெயரால் தேடச் சொல்கிற திரை, இடத்தால் ஞாபகம் வைத்திருக்கிறவரைக் கைவிட்டுவிடுகிறது. வயதுக்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை. யாராவது என் குசினி இழுப்பறைகளை மாற்றிவைத்தால் நானும் அப்படித்தான் நிற்பேன்.

இந்தத் தடுமாற்றம் அப்பாவுக்கு மட்டும் வந்ததில்லை. நான் படித்த காலத்தில் க்னோம் 2 என்ற டெஸ்க்டாப் இருந்தது. மேல்பட்டையில் அப்ளிகேஷன்ஸ், பிளேசஸ், சிஸ்டம் என்று மூன்று சொற்கள். எதை அமத்தினாலும் அதன்கீழ் ஒரு பட்டியல். 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தபோது அந்த மூன்றும் போய், முழுத்திரைப் பார்வை வந்தது. பெரிய சண்டை நடந்தது. சும்மா பிடிவாதத்தில் மாற்றினார்கள் என்று சொல்லமாட்டேன். பழைய நிரல்களுக்கு அடியில் இருந்த நூலகங்களும் பழசாகிக்கொண்டிருந்தன, யாரோ ஒருநாள் புதுசாகக் கட்டத்தான் வேண்டும். ஆனால் பழைய வாசலை அடைத்துவிட்டுப் புது வாசலைத் திறந்ததுதான் பலருக்குப் பொறுக்கவில்லை.

லினக்ஸில் இருக்கிற வித்தியாசம், பொறுக்காதவர்கள் முறைப்பாட்டோடு நிற்கத் தேவையில்லை என்பது. நிரல் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. அந்த வருடமே ஆர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒருவர் க்னோம் 2இன் நிரலை எடுத்து, மேட் என்று தொடங்கினார். அந்த நாட்டுக்காரர் குடிக்கிற இலைத் தேநீரின் பெயர் அது. லினக்ஸ் மின்ட் குழு, புதிய அடித்தளத்தின்மேல் பழையமாதிரி மெனுவை வைத்துச் சின்னமன் என்ற டெஸ்க்டாப்பைக் கட்டியது. கேடிஈ 3.5ஐ விடமாட்டோம் என்றவர்கள் அதை ட்ரினிட்டி என்ற பெயரில் இன்றும் ஓட்டுகிறார்கள். க்னோம் குழுவே 2013இல், 3.8 பதிப்போடு, கிளாசிக் என்று பழைய பாணி ஒன்றைத் திரும்பக் கொடுத்தது.

வைத்திருப்பது சும்மா வருவதில்லை. பழைய மெனுவை அப்படியே உறைய வைத்தால் இரண்டு வருடத்தில் அது ஓடாது. மேட் குழு ஆயிரக்கணக்கான இடங்களில் பெயர்களை மாற்றி, கீழேயுள்ள நூலகத்தைப் பழைய ஜிடிகே 2இலிருந்து ஜிடிகே 3க்கு நகர்த்தி முடிக்க 2017 வரை எடுத்தது. பார்க்கிறவர் கண்ணுக்கு எதுவும் மாறவில்லை. அதற்காகத்தான் அவ்வளவு வேலையும். இப்போது திரைக்கு அடியில் இருக்கிற எக்ஸ்11ஐ விட்டு உலகம் வேலன்டுக்குப் போகிறது, அந்த வேலை அவர்களுக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருவோம். உங்கள் அப்பா அம்மாவின் கொம்பியூட்டரில் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதை அழிக்கமுன் இவற்றைப் பாருங்கள். கேடிஈ பிளாஸ்மா என்றால் மெனுப் பொத்தானில் வலது கிளிக் செய்து மாற்று வடிவங்களைக் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் விரிகிற பழைய பட்டியல் அங்கேயே இருக்கும், அரை நிமிட வேலை. க்னோம் என்றால் உள்நுழையும் திரையில் பெயரைத் தெரிவுசெய்தபின் மூலையில் ஒரு சிறு பற்சக்கரம் தெரியும். அதில் க்னோம் கிளாசிக்கைத் தெரிவுசெய்தால் அடுத்தமுறையும் அதுவே வரும். சிலவற்றில் அதை முதலில் நிறுவ வேண்டியிருக்கும். தனியார் எழுதிய மெனு நீட்சிகள் நிறைய உண்டு, அழகானவையும்கூட. ஆனால் க்னோம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு விடுகிறது. எழுதியவர் அதற்கேற்ப மாற்றாவிட்டால் நீட்சி வேலைசெய்யாது. ஒருநாள் காலையில் மெனு காணாமல் போய்விடும். பக்கத்தில் நீங்கள் இல்லாத வீட்டில் அதைப் போடாதீர்கள்.

நான் கடைசியில் எல்லாவற்றையும் அழித்து லினக்ஸ் மின்டின் மேட் பதிப்பைப் போட்டேன். இந்தமுறை புத்தியாக, நிறுவமுன் யுஎஸ்பியிலிருந்தே ஓடவிட்டு அப்பாவை இருத்தினேன். கை இடதுபக்க மூலைக்குப் போனது, பொத்தான் இருந்தது. "ஆ, இஞ்சதானே கிடக்கு" என்றார். அதனோடு வருகிற மெனு கொஞ்சம் பெரிது. பட்டையில் வலது கிளிக் செய்து, வெறும் பட்டியலாக விரிகிற எளிய மெனுவைச் சேர்த்துவிட்டேன். அதில் வலது கிளிக் செய்தால் மெனுவைத் திருத்தவும் முடியும். அப்பா தொடாத இருபது முப்பது விஷயங்களை மறைத்தேன். "ஊர்" என்று புதுசாக ஒன்றைச் சேர்த்தேன். அமத்தினால் நேரே அந்தக் கோப்புத் திறக்கும்.

இதைச் செய்யும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு செயலிக்கும் கணினிக்குள் ஒரு சிறு எழுத்துக் கோப்பு உண்டு: பெயர், எந்தப் பிரிவு, எந்தப் படம், எந்தக் கட்டளை. புது மெனுவும் பழைய மெனுவும் வாசிப்பது அதே கோப்புகளைத்தான். காட்டுகிற விதம்தான் வேறு. அதற்குள்ளே மொழிவாரியாகப் பெயர் எழுத வரிகளும் இருக்கின்றன. எங்கோ இருந்த யாரோ சம்பளமில்லாமல் தமிழ்ப் பெயர்களையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்பாவுக்குத் தமிழ் மெனு வேண்டாம். "எனக்கு இடம் தெரியும், எழுத்தை மாத்தினால் திரும்பவும் துலைஞ்சு போவன்" என்றார். நியாயம்தான். ஆனால் என் மகளுக்கு அதே மடிக்கணினியில் தனிக் கணக்கு ஒன்று திறந்து, மொழியைத் தமிழாக்கினேன். எல்லாம் தமிழில் வரவில்லை, நடுநடுவே ஆங்கிலம் எட்டிப்பார்க்கிறது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் வாசிக்கச் சொன்னால் முகத்தைச் சுழிக்கிறவள், விளையாட்டு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டி வந்ததில் ஒவ்வொரு சொல்லாக எழுத்துக்கூட்டுகிறாள். "பயன்பாடுகள் எண்டால் என்ன, அம்மப்பா?" அவருக்கும் அந்தச் சொல் புதுசு. இருவரும் சேர்ந்து உள்ளே போய்ப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

முந்தாநாள் அப்பா அழைத்தார். பக்கம் எழுபத்தொன்றில் நிற்கிறாராம்.

"பிள்ளை, அந்த 'ஊர்' எண்டதுக்குக் கீழ இன்னொண்டு போடலாமோ?"

"போடலாம். என்ன பேர் வைக்கிறது?"

"அம்மா எண்டு போடு. அவ சொல்லச் சொல்ல நான் எழுதப்போறன். கீழதான் வரவேணும், மேல இருக்கிறதுகளை அரக்கிப்போடாதை."