காடு திரும்பியது, பிள்ளைகள் தங்குவார்களா?

2025 ஜூலையில், கலிஃபோர்னியாவின் வடகோடியில் கிளாமத் ஆறு பசிபிக் கடலைத் தொடும் இடத்துக்குக் கயாக் படகுகள் கூட்டமாக வந்து சேர்ந்தன. துடுப்புப் போட்டவர்கள் யூரோக், காருக், ஹூப்பா, கிளாமத் முதலிய பழங்குடிகளின் பிள்ளைகள். பெரும்பாலோர் பள்ளி வயதினர். அண்டை மாநிலமான ஒரேகானில் புறப்பட்டு, ஒரு மாதத்தில் சுமார் 500 கிலோமீட்டர் வந்திருந்தார்கள். அவர்களுடைய பாட்டன்களுக்கும் வாய்க்காத பயணம் இது. தலைமுறைகளாக ஆற்றை மறித்து நின்ற நான்கு அணைகள் 2024-இல்தான் முழுவதுமாக இடிக்கப்பட்டன.

அணைகளின் நீர்த்தேக்கக் கரையில் வீடு கட்டியிருந்தவர்களுக்கு ஏரி போன வருத்தம் உண்டு. ஆனால் அணை இடிந்த சில வாரங்களிலேயே சால்மன் மீன்கள் ஒரேகான் வரை ஏறிவிட்டன.

அதே கோடையில் இன்னொரு செய்தியும் வந்தது. கிளாமத்தில் கலக்கும் புளூ கிரீக் ஓடையைச் சூழ்ந்த சுமார் 47,000 ஏக்கர் காடு முழுமையாக யூரோக் மக்களிடம் திரும்பியது. ஆறு சூடேறும் மாதங்களில், எதிர்நீச்சல் போட்டு வரும் சால்மன்கள் இந்த ஓடையின் குளிர்ந்த நீரில் இளைப்பாறித்தான் மேலே போகும். 2002-இல் ஆற்றில் தண்ணீர் குறைந்து, நோய் பரவி, பல்லாயிரம் மீன்கள் செத்து மிதந்ததை யூரோக் குடும்பங்கள் மறக்கவில்லை.

காடு சும்மா கிடைக்கவில்லை. மரம் வெட்டும் நிறுவனத்திடமிருந்து அதைப் பகுதி பகுதியாக மீட்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஐந்து கோடி டாலருக்கு மேல் செலவானது. பறிபோன மண்ணை விலை கொடுத்தே மீட்க வேண்டியிருந்தது கொடுமை.

இனிதான் பெரிய கவலை. கைக்கு வந்திருப்பது வெட்டி வெட்டி மீண்டும் நெருக்கமாக முளைத்த காடு. லாரிப் பாதைகளிலிருந்து மண் சரிந்து ஓடையில் இறங்குகிறது. காட்டைச் சீராக்க அளவோடு தீ வைக்கவும் வேண்டும். எரிந்த ஹேசல் புதரில்தான் கூடை முடைய ஏற்ற நேரான குச்சிகள் துளிர்க்கும். குழந்தையைக் கிடத்தும் கூடைக்கும் அதே குச்சிதான். நெருப்பு வைப்பதைச் சட்டம் நெடுங்காலம் தடுத்ததால் அந்தக் கைப்பழக்கம் சில பெரியவர்களிடமே எஞ்சியது. மொழியும் அப்படித்தான்: யூரோக்கைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்த கடைசி மனிதர் 2013-இல் காலமானார். உள்ளூர் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் இப்போது அந்த மொழியைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

படித்து முடித்ததும் எங்கே போவார்கள்? பத்தாண்டுக்கு முன் இளைஞர் தற்கொலைகள் பெருகி, யூரோக் மக்கள் அவசரநிலையே அறிவித்தார்கள். இன்று காய்ந்த தேக்கப் படுகைகளில் நாட்டு விதை தூவுவது, ஓடையைச் செப்பனிடுவது, மீன் கணக்கெடுப்பது என்று சொந்த ஊரிலேயே வேலை முளைத்திருக்கிறது. அதில் பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் வரும் மானியப் பணத்தை நம்பி நடக்கிறது. நிலத்தை மீட்கக் காட்டிய அக்கறையில் பாதியையாவது இந்தப் பிள்ளைகளுக்கு நிலையான சம்பளம் கிடைப்பதில் காட்ட வேண்டும். காடு தேற இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். அத்தனை காலமும் அங்கே ஆள் வேண்டும்.