குப்பைமேடு குஞ்சு பொரிக்கும், தெரியுமா?

கோழி உட்கார்ந்தால்தான் குஞ்சு பொரியும் என்றா நினைக்கிறீர்கள்? நிக்கோபார் தீவுகளில் ஒரு பறவை இருக்கிறது, மெகபோடு என்று பெயர். நம் வீட்டுக்கோழிக்குத் தூரத்துச் சொந்தம். கடற்கரையோரக் காட்டில் மணலையும் பவளத்தூளையும் இலைதழையையும் காலாலேயே வாரி மேடு போட்டு, அதற்குள் முட்டையைப் புதைத்துவிடும். அடைகாக்கிற பேச்சே கிடையாது! தழை மக்க மக்கச் சூடு கிளம்புகிறது. அந்தச் சூடும் வெயிலும் சேர்ந்தே முட்டையைப் பொரித்துவிடுகின்றன. 2004 சுனாமியில் கரையோரத்து மேடுகள் ஏராளமாக அடித்துக்கொண்டு போயின.

ஆஸ்திரேலியாவின் மல்லீ கோழி இதற்கும் ஒரு படி மேல். அங்கே அப்பாதான் உரக்குழி மேஸ்திரி. மேட்டுக்குள் அலகை விட்டு, மண்ணை வாயில் கவ்விச் சூடு பார்ப்பார். கூடிப்போயிற்றா, கிளறித் திறந்துவிடுவார். குறைந்துபோயிற்றா, மண்ணை அள்ளிப் போட்டு மூடுவார். மாதக்கணக்கில் இதே வேலை! முட்டைகளைச் சுற்றி ஏறக்குறைய 33 டிகிரி செல்சியஸ் நிற்க வேண்டும், நிற்கிறது. இத்தனை பாடுபட்ட அப்பாவைக் குஞ்சு ஏறெடுத்தும் பார்க்காது. ஓட்டைக் காலால் உதைத்து உடைத்து, மேட்டைக் குடைந்து வெளியே வந்து, தன்பாட்டுக்குப் புதருக்குள் ஓடிவிடும்.

பறவை செய்வதை மனிதன் செய்து பார்க்காமல் விடுவானா? பிரான்ஸ் நாட்டு அறிவியலாளர் ரேமூர், வெப்பமானிக்குத் தன் பெயரில் ஓர் அளவுமுறையே தந்தவர், 1749இல் ஒரு புத்தகம் போட்டார். தொழு எருவின் சூட்டிலும் அடுப்புச் சூட்டிலும் எந்தப் பருவத்திலும் குஞ்சு பொரிக்க வைக்கலாம் என்பதுதான் அதன் விஷயம்! பீப்பாய்களை எருவுக்குள் புதைத்து, அதற்குள் முட்டைகளை வைத்துப் பார்த்தவர் அவர். எகிப்தியர்களோ அதற்கு வெகுகாலம் முன்பே மண்செங்கல் சூளைகளில் ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் பொரித்துக்கொண்டிருந்தார்கள். சூடு சரியா என்று பார்க்க முட்டையைக் கண் இமையில் ஒற்றிப் பார்ப்பது அவர்கள் வழக்கம்.

உடனே கொல்லைப்புற உரக்குழியில் முட்டையைக் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள்! கோழிமுட்டைக்கு வேண்டியது 37.5 டிகிரி. நன்றாக மக்குகிற குவியலின் நடுவிலோ 55 முதல் 65 டிகிரி வரை போகும். வெள்ளைக்கரு கட்டத் தொடங்குவதே அறுபது சொச்சத்தில்தான். குஞ்சு வராது, அரைவேக்காட்டு முட்டைதான் வரும்.

சரி, வீட்டுக்கோழிக்கு வருவோம். அது நாளைக்கு ஒரு முட்டைக்கு மேல் இடாது. பன்னிரண்டு முட்டை சேரப் பன்னிரண்டு நாளாவது ஆகும். ஆனால் அவயம் (அடை) வைத்தால் பன்னிரண்டும் ஏறக்குறைய ஒரே நாளில் பொரிகின்றன. எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா? முட்டை வெளியே வரும்போதே உள்ளே கருவில் பல்லாயிரம் செல்கள் உருவாகியிருக்கும். ஆறியதும் அந்தக் கரு சாகாது, அப்படியே நின்றுவிடும்! தாய்க்கோழி வந்து உட்காருகிற அன்றுதான், முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் சேர்த்து, கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. நம் ஊர்க் கோடையில் இங்கேதான் சிக்கல். வெயில் தாக்கும் இடத்தில் முட்டையைச் சேர்த்து வைத்தால் கரு அரைகுறையாக முழித்துக்கொண்டு, பிறகு உள்ளேயே செத்துப்போகும். கூமுட்டை கூடுவதற்கு இது ஒரு காரணம். அதனால்தான் நிழலில், ஈரமணல் மேல் வைக்கச் சொல்கிறார்கள். அவயக்கூடையில் மிளகாய் வற்றலும் இரும்புத் துண்டும் போடுவது இடியில் முட்டை கெடாமல் காக்கும் என்பார்கள் பாட்டிகள். அதை நான் நம்பவில்லை, எடுத்துப் போடவும் சொல்லமாட்டேன்.

இன்னொன்று தெரியுமா? சேவல் ஒருமுறை மிதித்தால் போதும், கோழியின் உடலுக்குள் இருக்கும் நுண்குழல்களில் விந்து தங்கி ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குக் கருவுற்ற முட்டை வந்துகொண்டிருக்கும்!

அடைக்கு உட்காரும் கோழியின் நெஞ்சைத் தடவிப் பாருங்கள் (கொத்து வாங்கத் தயாராக இருந்தால்). அங்கே இறகு உதிர்ந்து வெறும் தோல்தான் இருக்கும், முட்டைக்கு உடற்சூடு நேராகப் போக. ஒரு நாளில் பலமுறை முட்டைகளைப் புரட்டிவிடும், இல்லாவிட்டால் கரு ஓட்டுச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் நாளே இதயம் துடிக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் நாள்வாரியாக முட்டைகளை உடைத்துப் பார்த்து, துள்ளுகிற அந்தச் சிவப்புப் புள்ளியை எழுதிவைத்துவிட்டார். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள். காற்று உள்ளே போக, ஈரம் வெளியே வர, 21 நாளில் முட்டை தன் எடையில் எட்டில் ஒரு பங்குக்குக் கிட்ட இழக்கிறது. ஓட்டின் சுண்ணாம்பைக் கரைத்துத்தான் குஞ்சுக்கு எலும்பே கட்டுகிறது!

கடைசி இரண்டு நாள்தான் உச்சம். குஞ்சு முதலில் மழுங்கிய முனையிலுள்ள காற்றறையைக் குத்தி, வாழ்நாளின் முதல் மூச்சை முட்டைக்குள்ளேயே இழுக்கிறது. உள்ளிருந்தே கீச்சிடுகிறது, தாய் மெல்லக் கொக்கரித்துப் பதில் சொல்கிறது. மஞ்சள்கரு மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. வெளியே வந்து இரண்டு நாள் தீனி தண்ணீர் இல்லாமலும் தாங்குவது இந்தக் கட்டுச்சோற்றால்தான். அமெரிக்காவில் ஒரு நாள் குஞ்சுகளைத் தபாலில் அனுப்புகிறார்கள் என்றால் நம்புவீர்களா? ஓட்டில் கீறல் விழுந்து மணிக்கணக்கில் அசைவில்லையே என்று நாம் உரித்துவிடக் கூடாது. ஓட்டுச் சவ்வின் ரத்தக்குழாய்கள் முதலில் வற்ற வேண்டும், அவசரப்பட்டால் ரத்தம் கொட்டும்.

பொரிந்த குஞ்சுக்கு முதல் விருந்து? உடைந்த மண்பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலைத்துண்டு திணித்து, தண்ணீர் தெளித்து, கறையான் இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். விடிந்தால் பானை நிறையக் கறையான்! குப்பையைப் புரதமாக்க இதைவிடச் செலவில்லாத வழி எனக்குத் தெரிந்து இல்லை.

வளர்ந்த கோழியோ எச்சத்தால் கடனை அடைக்கிறது. எச்சத்தின் மேல் தெரியும் வெள்ளை என்ன தெரியுமா? அதுதான் கோழியின் சிறுநீர்! யூரிக் அமிலம், தழைச்சத்து நிறைந்தது. அதனால்தான் பச்சை எச்சத்தை அப்படியே செடிக்குப் போட்டால் வேர் கருகுகிறது. சருகு, வைக்கோல், மரத்தூள் என்று கரிச்சத்து மிகுந்ததை எச்சத்தைவிட இரண்டு மூன்று மடங்கு கலந்து ஈரம் காட்டினால் குவியல் தானே கொதிக்கும். மூன்று நாளாவது 55 டிகிரியில் நின்றால் பெரும்பாலான நோய்க்கிருமியும் களைவிதையும் காலி. குவியலைப் புரட்ட ஆள் வேண்டாம், நாலு பிடி கம்பை மேலே தூவுங்கள். கோழிகள் சீய்த்துச் சீய்த்தே புரட்டிவிடும்.

கொட்டகைத் தரையில் தடிமனாக மரத்தூள் பரப்பி, மாதக்கணக்கில் மாற்றாமல் கிளறிவிட்டால் தரையே உரக்குழி. அந்தப் படுக்கையில் நுண்ணுயிர்கள் வைட்டமின் பி12 தயாரிக்கின்றன, அதைக் கோழி கொத்தித் தின்கிறது! பிரான்சின் கோல்மார் வட்டாரம் 2015 முதல் விரும்பிய வீடுகளுக்கு இரண்டிரண்டு கோழிகளைக் கொடுத்தது, சமையல் மிச்சத்தைத் தின்று வீட்டுக் குப்பையைக் குறைக்கட்டும் என்று.

பூஞ்சை பிடித்த கடலைப்புண்ணாக்கையும் ஊசிப்போன சோற்றையும் மட்டும் கோழிக்கு வைக்காதீர்கள், பூஞ்சை நஞ்சு பொல்லாதது. அடுத்து, மண்புழு உரத்தொட்டி வைத்திருப்பவரா நீங்கள்? கம்பிவலை போட்டு இறுக மூடுங்கள். மாதக்கணக்கில் பெருக்கிய புழுக்களை ஒரு தாய்க்கோழியும் அதன் குஞ்சுகளும் ஒரே மத்தியானத்தில் முடித்துவிடும், தெரியுமா?