புகையில்லா அடுப்பும் புகைந்த மாமியாரும்

"வீட்டிலேதான் காஸ் இருக்கே, இன்னும் என்ன விறகு அடுப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறாய்?" என்று டவுனில் இருக்கும் என் நாத்தனார் வரும்போதெல்லாம் கேட்பாள். அவளுக்கென்ன, சொல்லுவாள்! எங்களுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடித்தனம். தென்னை மட்டை, பாளை, தேங்காய்த் தொட்டி என்று எரிப்பதற்கு வாசலிலேயே மலைபோல் குவிந்து கிடக்கிறது. ஆறு பேர் குளிக்க வெந்நீர், மாட்டுக்குத் தண்ணீர் காய்ச்சுவது, ஆள் வைத்து வேலை நடக்கும் நாளில் பெரிய அண்டாவில் சோறு. இத்தனைக்கும் காஸை எரித்தால் சிலிண்டர் பத்து நாள் தாங்குமா? அதனால் உள்ளே காஸ், பின்பக்கம் விறகு என்று இரண்டும் ஓடுகிறது. எங்களைப் போல எத்தனையோ வீடுகள் இருக்கும். அந்தச் சகோதரிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டாக்டர் கேட்ட கேள்வி

என் மாமியாருக்கு நெடுநாளாக இருமல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். "வயசாச்சு கண்ணு, அப்படித்தான்" என்று கஷாயம் குடித்தே காலத்தை ஓட்டினார். ஒரு ஐப்பசி மழையில் மூச்சு விட முடியாமல் போகவே, டவுனுக்கு அழைத்துப் போனோம். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, ஊதச் சொல்லிப் பார்த்து, என்னைத் தனியாக அழைத்தார்.

"இந்த அம்மா பீடி, சுருட்டு ஏதாவது குடிப்பாங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ, இல்லீங்க டாக்டர்! வெத்திலைகூடப் போட மாட்டாங்க."

"அப்போ விறகு அடுப்புல எத்தனை வருஷமா சமைக்கிறாங்க?"

கல்யாணமாகி வந்ததிலிருந்து ஐம்பது வருஷம் என்றேன். புகை பிடிப்பவர்களுக்கு வருகிற அதே நுரையீரல் நோய், அடுப்புப் புகையாலும் வரும் என்று அவர் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. அந்த அடுப்பின் முன்னால் இருபது வருஷமாக நானும்தானே உட்கார்ந்திருக்கிறேன்! விறகு, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றால் வீட்டுக்குள் எழும் புகையால் 2020-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

தீப்பெட்டி வைத்த புகைபோக்கி

வீட்டுக்கு வந்ததும் புகைபோக்கி வைத்த அடுப்பு கட்டுவது என்று முடிவு செய்தோம். இது ஒன்றும் புதுச் சமாசாரம் இல்லை. ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற என்ஜினீயர் 1950-களிலேயே புகையில்லா அடுப்பைச் செய்து காட்டினார். 1980-களில் மத்திய அரசு தேசியத் திட்டமாகவே எடுத்துக்கொண்டு, 2002-ல் அது நிறுத்தப்படும்வரை நாடு முழுவதும் 3 கோடிக்கு மேல் கட்டிக் கொடுத்தது.

நான் சிறுமியாக இருந்தபோது என் அம்மா வீட்டிலும் ஒன்று கட்டினார்கள். ஆறு மாதத்தில் குழாய் அடைத்துக்கொண்டது. சுத்தம் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. "இது பழைய அடுப்பைவிட மோசம்" என்று அம்மா அதன் குழாயைக் கழற்றிவிட்டு, குழிக்குள் தீப்பெட்டியும் உப்பு டப்பாவும் வைத்துக்கொண்டாள்! அடுப்பு கட்டுவது பாதி வேலை. பராமரிப்பது மீதிப் பாதி என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

எங்கே கட்டுவது?

முதல் விதி: காஸ் இருக்கும் அறையில் விறகு அடுப்பு கூடவே கூடாது. காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து போகும். அங்கே ஒரு பொறி போதும். எங்கள் விறகு அடுப்பு பின்பக்கச் சார்ப்பில், நடுவில் சுவர் வைத்து, தனியாக இருக்கிறது. இரண்டு பக்கம் திறப்பு. காற்று நேராக அடுப்பு வாயில் மோதாதபடி, ஆனால் தாராளமாக வந்துபோகிற இடம்.

இரண்டாவது: அடுப்புக்கு மேலே பரண், விறகுப் பந்தல், துணிக்கொடி எதுவும் இருக்கக் கூடாது. "அடுப்பு மேல விறகு காய வச்சா நல்லா எரியும்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். எரியும்தான், வீட்டோடு சேர்த்து!

எப்படிக் கட்டினோம்?

களிமண், மணல், பொடியாக நறுக்கிய வைக்கோல், கொஞ்சம் சாணம். இவற்றைச் சேர்த்து மிதித்து, இரண்டு நாள் புளிக்கவிட்டுச் செங்கல் வைத்துக் கட்டினோம். பழைய கொடி அடுப்பு போலத்தான், முன்னால் ஒரு குழி, பின்னால் ஒரு குழி. வித்தியாசம் உள்ளே இருக்கிறது. முன்குழியிலிருந்து பின்குழிக்கு ஒரு சுரங்கம். பின்குழியில் ஒரு சிறு மேடு. அது தீயை மேலே எழுப்பிப் பாத்திரத்தின் அடியைத் தொட வைத்து, அப்புறம்தான் குழாய்க்குள் அனுப்பும். மேடு இல்லாவிட்டால் சூடு நேராகக் குழாயில் போய் ஆகாயத்தைக் காய்ச்சும்.

பாத்திரம் குழியின் மேல் சரியாகப் பொருந்த வேண்டும். இடைவெளி இருந்தால் புகை அந்த வழியாக வரும். பின்குழியில் பாத்திரம் இல்லாத நேரத்தில் கனமான மூடி போட்டு விடுங்கள்.

கட்டி முடித்ததும் உடனே பற்ற வைக்காதீர்கள். நிழலில் இரண்டு வாரம் காயட்டும். அவசரப்பட்டால் விரிசல் விடும். அப்படி விட்டாலும் மண்ணும் சாணமும் குழைத்து உடனுக்குடன் பூசி விடுங்கள்.

குழாயில்தான் சூட்சுமம்

குழாய்க்கு நாலு அங்குல உள்விட்டம். அடியில் இரண்டு அடி உயரத்துக்குச் செங்கல் கட்டு, அதற்குமேல் ஜி.ஐ. தகரக் குழாய். குழந்தை கை வைக்கிற உயரத்தில் சுடுகிற தகரம் இருக்காது என்பதற்காக இந்த ஏற்பாடு. பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாய் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லி விடுங்கள். அதை அறுக்கும்போது வரும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் செலவை மிச்சம் பிடிக்கத் தண்ணீர்க் குழாயான பி.வி.சி.யையே வைத்துவிட்டார். முதல் நாளே மெழுகுவர்த்தி மாதிரி வளைந்துவிட்டது!

எங்கள் கொத்தனார் குழாயை ஓட்டுக்கு மேல் ஒரு சாண் மட்டும் நீட்டி, "போதும்க்கா, அழகா இருக்கு" என்றார். மறுநாள் காற்றடித்ததும் புகை முழுக்க வீட்டுக்குள் திரும்பியது. மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நல்லாப் போச்சு உன்ற புகையில்லா அடுப்பு!" என்று புகைந்தார். கூரையின் முகட்டில் மோதுகிற காற்று சுழன்று குழாய்க்குள் இறங்குவதுதான் காரணம். முகட்டைவிட இரண்டு அடி உயரமாகக் குழாயை நீட்டி, மழை இறங்காமல் மேலே தொப்பி வைத்ததும் சரியாகிவிட்டது.

குழாய் கூரையைத் தாண்டும் இடம் ஆபத்தான இடம். மரச்சட்டத்திலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி இருக்கட்டும். ஓலைக் கூரையாக இருந்தால் கூரைக்குள் குழாயை விடவே வேண்டாம். சுவர் வழியாக வெளியே எடுத்து, கூரையை விட்டு நன்றாகத் தள்ளி மேலே கொண்டு போங்கள். பொறி பறக்காமல் வாயில் கம்பி வலையும் கட்டுங்கள். அந்த வலையில் கரி சேரும். அதையும் மறக்காமல் தட்டிவிட வேண்டும்.

எதை எரிக்கலாம்?

விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பிளந்து, மழை படாத இடத்தில் ஆறு மாதம் அடுக்கி வையுங்கள். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் 'டங்'கென்று கேட்க வேண்டும். 'பொத்'தென்றால் இன்னும் ஈரம். ஈர விறகு புகை கக்கும். அந்தப் புகை குழாய்க்குள் தார் மாதிரி ஒட்டும். ஒருநாள் அந்தத் தாரே தீப்பிடித்துக் கொள்ளும்.

அரளிச் செடியை ஒரு குச்சிகூட அடுப்பில் வைக்காதீர்கள். அதன் புகையும் விஷம். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக், டயர் எல்லாம் கூடாது. எரியவில்லை என்று மண்ணெண்ணெய் ஊற்றுவது உயிரோடு விளையாட்டு. காய்ந்த பாளையும் பன்னாடையும் இருக்கும்போது மண்ணெண்ணெய் எதற்கு?

சுத்தம் செய்கிற நாள்

எங்கள் வீட்டில் வாரம் ஒருநாள், அடுப்பு நன்றாக ஆறிய பிறகு, சுரங்கத்தில் உள்ள சாம்பலை வழித்தெடுப்போம். அமாவாசைக்கு அமாவாசை குழாய். நீளக் கயிற்றின் நடுவே சாக்குத்துணி உருண்டையைக் கட்டி, மேலும் கீழுமாக இழுப்போம். கரி விழுவதற்கு அடியில் ஒரு சிறு திறப்பு வைத்து, மற்ற நாளில் செங்கல்லால் மூடியிருக்கிறோம். அடுப்பு வாய் வழியாகப் புகை திரும்புகிறதா? குழாய் கூப்பிடுகிறது என்று அர்த்தம்.

சாம்பலை அன்றே குப்பைமேட்டில் கொட்டாதீர்கள். மேலே வெள்ளையாக ஆறினாற்போல் இருக்கும். உள்ளே கங்கு மறுநாள்வரை உயிரோடு இருக்கும். பக்கத்தில் வைக்கோல் போர் இருந்தால் என்ன ஆகும்? தகர வாளியில் மூடி வைத்து, மறுநாள் தண்ணீர் தெளித்துக் கொட்டுங்கள்.

அடுப்படியில் நைலான், பாலியஸ்டர் புடவை வேண்டாம். பருத்திப் புடவை, இடுப்பில் செருகிய முந்தானை, முடிந்த கூந்தல். பக்கத்தில் எப்போதும் ஒரு வாளித் தண்ணீர். துணியில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள். ஓடினால் தீ வளரும். தரையில் படுத்து உருளுங்கள். சுட்ட இடத்தில் இங்க்கும் பேஸ்ட்டும் தடவ வேண்டாம், ஐஸும் வேண்டாம். சாதாரணத் தண்ணீரை இருபது நிமிஷம் ஓட விட்டு, சுத்தமான துணியால் மூடுங்கள். காயம் பெரிதென்றால் உடனே 108.

அந்த மார்கழி இரவு

இவ்வளவு தெரிந்திருந்தும் ஒன்று எனக்குத் தெரியாமல் இருந்தது. போன மார்கழியில் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளைக்கு இருபது நாள். நல்ல பனி. "பச்சை உடம்பு, குளிர் தாங்காது" என்று மாமியார் அடுப்பிலிருந்து கங்கை ஒரு சட்டியில் அள்ளி வந்து, சாம்பிராணி போட்டு, அறையில் வைத்து, கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டார். சாம்பிராணிப் புகை அடங்கிய பிறகும் சட்டி அங்கேயே இருந்தது.

ஒரு மணி நேரம் இருக்கும். "அம்மா, தலை கிண்ணுன்னு வலிக்குது. கொமட்டுது" என்று மகளின் குரல் கேட்டது. கதவைத் திறந்தேன். புகையும் இல்லை, வாடையும் இல்லை. ஆனால் எழுந்து நின்றவள் தள்ளாடினாள். எனக்கு ஏதோ பொறி தட்டியது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அவர் மகளைத் தாங்கி வந்தார். அன்றிரவே ஆஸ்பத்திரி.

"கங்குலேருந்து கார்பன் மோனாக்ஸைடு வரும்மா. நிறம் கிடையாது, மணம் கிடையாது. மூடின அறையில தூங்கினா எழுந்திருக்கவே மாட்டாங்க. அந்தப் பொண்ணு முழிச்சிருந்தது உங்க அதிர்ஷ்டம்" என்றார் டாக்டர். ஆக்ஸிஜன் வைத்தார்கள். கடவுள் புண்ணியத்தில் இருவருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. பெரியவளுக்குத் தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரிந்தது. அந்தச் சிசுவுக்குச் சொல்லத் தெரியுமா?

சகோதரிகளே, கங்குச் சட்டியோ, கரி போட்ட குமுட்டி அடுப்போ, மூடிய அறைக்குள் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். குளிருக்குக் கம்பளி போதும். குழந்தைக்குச் சாம்பிராணிப் புகையும் வேண்டாம் என்றுதான் டாக்டர் சொன்னார்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லி விடுகிறேன். புகைபோக்கி வைத்தாலும் புகை முழுக்கப் போய்விடாது, குறையும், அவ்வளவுதான். கர்ப்பிணி, கைக்குழந்தை, மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் விறகு அடுப்பின் பக்கமே வரவேண்டாம். தினச் சமையல் எங்கள் வீட்டில் இப்போது காஸில்தான். வெந்நீருக்கும் அண்டாச் சோற்றுக்கும் மட்டும் விறகு.

அந்த மார்கழிக்குப் பிறகு மாமியார் ரொம்ப நாள் மௌனமாக இருந்தார். "நான் கெட்டது நினைச்சாடா வச்சேன்?" என்று மகனிடம் ஒரே ஒருமுறை அழுதார். "இல்லீங்க அத்தை, நமக்கு யாரும் சொல்லித் தரலை. எனக்கும் தெரியாதே" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது அவர் அடுப்புப் பக்கம் வருவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து கொள்ளுப்பேரனை மடியில் போட்டுக்கொண்டு, ஓட்டுக்கு மேலே குழாயைப் பார்த்துக்கொண்டே இருப்பார். புகை கொஞ்சம் கறுத்து வந்தால் போதும், குரல் வந்துவிடும்:

"கண்ணு, அமாவாசை வந்துருச்சு. குழாய் சுத்தம் பண்ணலையா?"