வாரத்துக்கு எவ்வளவு பருப்பு, எவ்வளவு எண்ணெய்? குடும்ப உணவுத் திட்டமிடலின் கணக்கு

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்களைத் திருத்தி 2024-ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்டது. நாளொன்றுக்கு 2,000 கிலோ கலோரி தேவைப்படும் ஒருவருக்கு தானியம் 250 கிராம், பருப்பு வகைகள் 85 கிராம், காய்கறி மற்றும் கீரை 400 கிராம், எண்ணெய் உள்ளிட்ட கொழுப்பு 27 கிராம் என அதில் அளவு வகுக்கப்பட்டுள்ளது.

நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இது வாரத்தில் 7 கிலோ தானியம், சுமார் 2.4 கிலோ பருப்பு, 11 கிலோவுக்கு மேல் காய்கறி, முக்கால் கிலோ எண்ணெய் ஆகும். மாதம் 5 லிட்டர் எண்ணெய் வாங்கும் வீடு, வரம்பை வெகுவாகத் தாண்டிவிடுகிறது என்பதே பொருள்.

அரிசியும் கோதுமையும் பெரும்பாலான வீடுகளில் குறைவதில்லை. குறைவது பருப்புதான். விலை அதற்கு முக்கியக் காரணம் என்றாலும், அது மட்டுமே காரணம் அல்ல. ராஜ்மா, கொண்டைக்கடலை போன்றவற்றை முந்தைய இரவே ஊற வைக்க வேண்டும். மறந்தால் மறுநாள் உருளைக்கிழங்கே கறியாகிறது. வாரப் பட்டியல் உண்மையில் உதவுவது இந்த இடத்தில்தான்.

அந்த நினைவுச் சுமை பெரும்பாலும் பெண்களுடையது. 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு சராசரியாக 289 நிமிடங்களையும், ஆண்கள் 88 நிமிடங்களையும் அவற்றில் செலவிடுகின்றனர்.