98 அடி பெருசா, 102 அடி பெருசா? ஜாவாஸ்கிரிப்ட் சறுக்கும் இடம்

மழைக்காலம் வந்துட்டா நெல்லையில காலையிலேயே கேட்கிற கேள்வி, "பாபநாசம் அணை எத்தனை அடி?" மொத்த உயரம் 143 அடி. நேற்று 98, இன்று 102 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒப்பிட்டு 'உயர்வு', 'சரிவு' என்று தானாகவே காட்டும் இணையப் பக்கம், 4 அடி தண்ணி ஏறின அன்னைக்கு 'சரிவு'ன்னு காட்டிடலாம். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஆத்தங்கரைக்காரங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

காரணம் இதுதான். படிவத்தில் நாம் டைப் செய்யும் எண், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு 'ஸ்ட்ரிங்' ஆக, அதாவது வெறும் எழுத்து வரிசையாகத்தான் போய்ச் சேர்கிறது. இரண்டுமே ஸ்ட்ரிங் என்றால், அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல இடதுபக்கத்திலிருந்து ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடும். 98-ல் முதல் இலக்கம் 9, 102-ல் 1. ஒன்பதுதான் பெருசு, கதை முடிஞ்சது! மீதி இலக்கங்களை அது பார்ப்பதே இல்லை.

97, 98, 99 வரை எல்லாம் சரியாகவே வரும். அதனால் சோதனையில் சிக்காது. அணை 100-ஐ தாண்டுற அன்னைக்குத்தான் குட்டு உடையும்.

தீர்வு சுலபம்: ஒப்பிடும் முன் 'நம்பர்' ஃபங்ஷன் மூலம் இரண்டையும் எண்ணாக மாற்றிவிட வேண்டும். ஆனால் 'சார்ட்' வேற ரகம். எண்களையே கொடுத்தாலும் ஸ்ட்ரிங்காக்கித்தான் வரிசைப்படுத்தும். மணிமுத்தாறு 118, பாபநாசம் 143, சேர்வலாறு 156 என அடுக்கி, 52.5 அடி கொடுமுடியாறைக் கடைசியில் நிறுத்தும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்க்கச் சொல்லும் ஒப்பீட்டு ஃபங்ஷனையும் சேர்த்துக் கொடுத்தால்தான் வரிசை சரியாகும்.

பிஎச்பி இந்த விஷயத்தில் தேவலை. இரண்டு ஸ்ட்ரிங்குமே எண் வடிவில் இருந்தால் எண்ணாகவே ஒப்பிட்டுவிடும்.